மேசை மேல் ஒரு கடைசல் இயந்திரம்

தமிழில் ‘கடை’ என்னும் வினைச்சொல் இரு வேறு வேலைகளைக் குறிக்கிறது. மத்தினால் தயிரைக் கடைவதும் கடைதல். சுழலும் மரக்கட்டையின் மீது உளியை வைத்து உருட்டி எடுப்பதும் கடைதல். இரண்டிலும் ஏதோ ஒன்று சுழல்கிறது. தமிழ்நாட்டின் அம்பாசமுத்திரத்தில் செய்யப்படும் மரச் சொப்புச் சாமான்கள் இவ்வாறு கடைந்து எடுக்கப்படுபவையே. மரத்துக்குப் பதிலாக இரும்பையும் பித்தளையையும் இதே முறையில் உருவாக்கும் கருவிதான் உலோகக் கடைசல் இயந்திரம். பட்டறைக்காரர்கள் இதனை ‘லேத்’ என்பார்கள்.

ஜொகூர் மாநிலத்துக்கு இந்த இயந்திரம் புதிதன்று. பாசீர் கூடாங்கில் கப்பல்களைப் பழுதுபார்க்கிறார்கள். அத்தகைய வேலைக்கு நீண்ட தண்டுகளைக் கடையும் பெரிய இயந்திரங்கள் தேவை. குளுவாங் வட்டாரத்துச் செம்பனை ஆலைகளுக்கோ வேறு அவசரம். பறித்த பழக்குலைகளை ஏறக்குறைய ஒரு நாளுக்குள் அவித்துப் பிழியாவிட்டால் எண்ணெயில் அமிலத்தன்மை கூடி அதன் தரம் குறைந்துவிடும். ஒரு தண்டு தேய்ந்துபோனால், புதியது வந்து சேரும்வரை பழம் காத்திருக்காது. அருகிலேயே கடைந்து கொடுக்கும் பட்டறை இருந்தால் ஆலை தப்பித்தது.

அந்தப் பெரிய இயந்திரத்தின் குட்டி வடிவம் இப்போது வீட்டு மேசைக்கும் வந்துவிட்டது. நீராவி இயந்திர மாதிரிகளைச் செய்பவர்கள், பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிப்பவர்கள், ரோபோவுக்கு அச்சும் சக்கரமும் செய்யும் மாணவர்கள் எனப் பலரும் இதனை விரும்புகின்றனர். இதன் எடை ஏறத்தாழ 40 கிலோகிராம். இடப்பக்கம் மோட்டாரால் சுழலும் தலைப்பகுதி இருக்கிறது. அதன் முகத்தில் உலோகத் துண்டை இறுகப் பற்றும் ‘சக்’ உண்டு. வலப்பக்கம் இருப்பது, நீண்ட துண்டின் மறுமுனையைத் தாங்கும் வால்பகுதி. இரண்டுக்கும் நடுவே, வெட்டுளியைச் சுமந்துகொண்டு ஊர்தி நகரும். இவை அனைத்தையும் தாங்கும் வார்ப்பிரும்புத் தண்டவாளத்தைப் படுகை என்பர். ஷாங்காயிலுள்ள சீக் முதலிய சீன ஆலைகளில் உருவாகும், ஏறக்குறைய ஒரே அமைப்புடைய இயந்திரங்கள் வெவ்வேறு நிறங்களிலும் பெயர்களிலும் உலகெங்கும் விற்கப்படுகின்றன. எனவே, வாங்குபவர் பெயரைப் பார்ப்பதைவிட, பழுதானால் உதிரிப்பாகம் தருபவர் யார் என்று கேட்பதே நல்லது.

விளம்பரத்தில் காணப்படும் எண்களையும் கவனமாகப் படிக்க வேண்டும். 180 × 300 என்று எழுதியிருந்தால், 180 மில்லிமீட்டர் விட்டமுள்ள துண்டு படுகையில் இடிக்காமல் சுழலும் என்றும், இரு முனைகளுக்கும் இடையே 300 மில்லிமீட்டர் நீளம் கிடைக்கும் என்றும் பொருள். ஆனால், வெட்டுளியைத் தாங்கும் ஊர்தியின் மேல் கிடைக்கும் இடைவெளி இதைவிட மிகக் குறைவு. சுமார் 110 மில்லிமீட்டர்தான். நீளமும் அப்படியே. சக்கும் வால்பகுதியில் பொருத்தும் துளைக்கருவியும் அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

இயந்திரத்தின் விலை சில ஆயிரம் ரிங்கிட். செலவு அதோடு முடிவதில்லை. வெட்டுளிகள், நான்கு தாடைச் சக், துளைக்கருவிப் பிடி, வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ் என்று ஒவ்வொன்றாக வாங்கினால், நாளடைவில் துணைக்கருவிகளின் செலவு இயந்திரத்தின் விலையையே எட்டிப் பிடித்துவிடும். கையிலுள்ள பணம் முழுவதையும் இயந்திரத்துக்கே கொடுத்தவர், வெட்டவும் முடியாமல் அளக்கவும் முடியாமல் அதனைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மூடப்படும் பட்டறைகளிலிருந்து பழைய பெரிய இயந்திரம் மலிவாகக் கிடைப்பதும் உண்டு. தரத்தில் அது குட்டி இயந்திரத்தை வென்றுவிடும். ஆயினும், அது நூற்றுக்கணக்கான கிலோகிராம் எடை கொண்டது. பெரும்பாலும் மும்முனை மின்சாரம் கேட்கும். ஒருமுனை மின்சாரம் உள்ள வீட்டுக்கு அது பொருந்தாது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் மின்னழுத்தத்தையும் சரிபார்க்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான 110 வோல்ட் மோட்டார், மலேசியாவின் 230 வோல்ட் மின்சாரத்துக்கு உரியதன்று.

பெட்டி வீடு வந்து சேர்ந்ததும் விசையைத் தட்டிவிடத் தோன்றும். அவ்வாறு செய்யக்கூடாது. மலிவான இயந்திரம் பாதி முடிந்த பொருள் என்று எண்ணிக்கொள்வது உத்தமம். மீதி வேலை வாங்கியவருடையது. முதலில் இருவராகத் தூக்கி உறுதியான மேசையில் வைக்க வேண்டும். கைப்பிடியையோ நீண்ட திருகுதண்டையோ பிடித்துத் தூக்கினால் அவை வளைந்துவிடலாம். கடல்வழிப் பயணத்தில் துருப்பிடிக்காமலிருக்க ஆலையில் தடித்த மசகு பூசியிருப்பார்கள். அது உயவு எண்ணெய் அன்று. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அதனை முழுவதும் துடைத்தெடுத்த பின்னரே இயந்திர எண்ணெய் பூச வேண்டும். துடைக்கும்போது மூலைகளில் உலோகச் சீவலும் மணலும் ஒட்டியிருப்பது தெரியவரும். அவற்றோடு ஓட்டினால், சறுக்கும் பரப்புகளை அவை உப்புத்தாள்போல் தேய்த்துவிடும். விளிம்புகளில் உள்ள பிசிறுகளை மெல்லிய அரத்தால் நீக்கலாம்.

அடுத்து, ஊர்தியின் ஆட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். சறுக்குப் பகுதிகளின் ஓரத்தில் ஒரு மெல்லிய உலோகப் பட்டையும் அதனை அழுத்தும் சிறு திருகுகளும் இருக்கும். திருகுகள் தளர்ந்திருந்தால் வெட்டுளி நடுங்கும். மிகவும் இறுகியிருந்தால் கைப்பிடி சுழலாது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றித்தான் அதனைக் கண்டுபிடிக்க முடியும். எந்தக் கையேடும் அதனைச் சொல்லித் தராது. பிறகு, துண்டு எதுவும் பொருத்தாமல், குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாகச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, தலைப்பகுதி சூடேறுகிறதா என்று கைவைத்துப் பார்க்கலாம். கை வைப்பதற்குமுன் இயந்திரம் நின்றிருக்க வேண்டும்.

குட்டி இயந்திரம் என்பதால் அதனைப் பொம்மையாக நினைப்பதே பெரிய ஆபத்து. 2011ஆம் ஆண்டு, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பட்டறையில் இரவு வேளையில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்த ஒரு மாணவி, தலைமுடி இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். சுழலும் தண்டு எதைப் பிடித்தாலும் விடாது, இழுத்துச் சுற்றிக்கொள்ளும். ஆகவே, நீண்ட முடியை இறுகக் கட்ட வேண்டும். சங்கிலி, மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். துப்பட்டாவும் தளர்ந்த சட்டைக் கையும் கூடா. கையுறை காக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். இங்கே அதுவே கையை உள்ளே இழுக்கும். சக்கை இறுக்கும் சாவியை அதிலேயே விட்டுவிட்டு விசையைப் போட்டால், அது கல்லெறி போலப் பறந்து வரும். கண்ணாடி அணியாமல் அருகில் நிற்கவே கூடாது. சுருள் சுருளாக வரும் சீவலை விரலால் இழுத்தால் கத்திபோல் அறுக்கும். தூரிகையோ கொக்கியோ வேண்டும். வீட்டில் பெரியவர் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது மட்டும் மாணவர்கள் இதில் வேலை செய்யலாம்.

இனி, இயந்திரம் நேராக வெட்டுகிறதா என்பதைச் சோதிக்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சுமார் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புத் தண்டு ஒன்றைச் சக்கில் இறுக்கி, 100 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வெளியே நீட்டியிருக்குமாறு விட வேண்டும். வால்பகுதியின் தாங்கல் வேண்டாம். தண்டின் நடுப்பகுதியை முதலில் சற்று ஒடுக்கிவிட்டு, இரு முனைகளிலும் எஞ்சும் வளையங்களை, உளியின் நிலையை மாற்றாமல், மிக மெல்லியதாக ஒரே ஓட்டத்தில் சீவ வேண்டும். ஆழமாகச் சீவினால் தண்டே வளைந்து பொய்யான விடையைத் தரும். பின்னர் இரு வளையங்களின் விட்டத்தையும் மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. ஒன்றுக்கொன்று வேறுபட்டால், படுகை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அல்லது தலைப்பகுதி சற்றே திரும்பியிருக்கலாம். சமமில்லாத மேசையில் இயந்திரத்தை மரையாணியால் இறுக்கியதே பலமுறை காரணமாகிறது. வார்ப்பிரும்பும் வளையும்! வால்பகுதிப் பக்கத்துக் காலின் அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி, மீண்டும் இறுக்கி, மீண்டும் சீவி, மீண்டும் அளக்க வேண்டும். ஒரு மாலைப்பொழுது முழுவதும் இதிலேயே கழிந்தாலும் வியப்பில்லை.

இந்தப் பொறுமைக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1800ஆம் ஆண்டு வாக்கில் ஹென்றி மாட்ஸ்லே, கையால் பிடித்த உளிக்குப் பதிலாகத் தாங்கியில் பூட்டிய உளியையும், அதனை நகர்த்தத் துல்லியமான திருகுதண்டையும், மாற்றக்கூடிய பற்சக்கரங்களையும் ஒரே இயந்திரத்தில் இணைத்தார். ஒரே அளவில் மரைகளை மீண்டும் மீண்டும் வெட்ட அது வழிசெய்தது. தம் பட்டறையில் அவர் வைத்திருந்த துல்லியமான மைக்ரோமீட்டருக்கு ‘லார்டு சான்சலர்’ என்று பெயர். அது அந்நாட்டின் உயர் நீதிப் பதவியின் பெயர். அளவு பற்றிய வழக்குகளில் இறுதித் தீர்ப்பு அந்தக் கருவியுடையது! இன்றைய மேசை இயந்திரத்திலும் மாட்ஸ்லேயின் அதே மூன்று உறுப்புகள்தாம் இருக்கின்றன.

முதல் வேலைக்குப் பித்தளையோ அலுமினியமோ ஏற்றது. வேகத்தைக் கணிதப் பாடத்தைக் கொண்டே கண்டறியலாம். மென்னிரும்பை நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் வெட்டலாம் என்று கொள்வோர், 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டின் சுற்றளவைக் கணக்கிட வேண்டும். அது ஏறத்தாழ 78.5 மில்லிமீட்டர். 25,000ஐ 78.5ஆல் வகுத்தால், நிமிடத்துக்குச் சுமார் 318 சுற்றுகள். அலுமினியத்துக்கு இதைவிட வேகம் கூட்டலாம். தண்டின் முகப்பைச் சீவியதும் நட்ட நடுவில் ஒரு சிறு மொட்டு எஞ்சி நின்றால், உளி மையத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது என்று பொருள். உளியின் அடியில் ஒரு மெல்லிய தகடு வைத்தால் மொட்டு மறையும்.

வேலை முடிந்தபின் சீவலைத் தூரிகையால் கூட்டி அள்ளி, படுகையின்மீது எண்ணெய் தடவ வேண்டும். குளிர்நாட்டுக் கையேடுகள் இதனை ஒரே வரியில் சொல்லிவிடும். ஜொகூரின் ஈரக்காற்றில், அதுவும் ஆண்டு இறுதி மழைக்காலத்தில், வியர்த்த கை பட்ட இடத்தில் மறுநாள் காலையிலேயே விரல் அடையாளம் செந்நிறத் துருவாகத் தெரியும். கார் நிறுத்துமிடத்தில் இயந்திரத்தை வைத்திருப்பவர்கள் எண்ணெய் தடவிய பின் துணியால் மூடுகின்றனர். ஞெகிழித் தாளால் இறுக்கமாக மூடினால், உள்ளே ஈரம் தங்கித் துரு இன்னும் விரைவாக ஏறும்.