பழைய படச்சுருளும் புதிய சுவைஞரும்

பழம்பொருள் எல்லாம் பரணுக்கே உரியவை என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். ஆயின், கலைக்கு அவ்விதி பொருந்துமா? பொருந்தாது என்றே விடை கூறுகிறது, 'அனிமே' எனப்படும் ஜப்பானியச் சித்திரப் படங்களின் வரலாறு. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட தொடர்களும் படங்களும் இன்று கடல் கடந்த நாடுகளில் மீண்டும் வெளியிடப்படுகின்றன. மக்களும் விரும்பிக் காண்கின்றனர். இவ்வீர்ப்புக்குக் காரணம் யாது? சிறிது ஆராய்வோம்.

முதலாவது, நினைவின் இனிமை. கிப்ளிங்கின் கானகக் கதையை ஜப்பானியர் 1989-இல் 52 பகுதிகள் கொண்ட சித்திரத் தொடராக்கினர். 1990-களில் தூர்தர்ஷன் அதனை இந்தியில் ஒளிபரப்பியது. 2020-இல் ஊரடங்கு வந்தபோது அத்தொடர் மீண்டும் தூர்தர்ஷனில் வந்தது. அன்று குழந்தையாய்க் கண்டவர், தம் குழந்தையை மடியில் இருத்திக் காணும் வாய்ப்புப் பெற்றனர். மௌக்லிக்கு மட்டும் வயது ஏறவில்லை!

இரண்டாவது, மூலத்தைக் காணும் வேட்கை. முன்னாளில் அயல்நாட்டார் இத்தொடர்களை வெட்டியும் ஒட்டியும் காட்டினர். 1972-இல் தோன்றிய 'காட்சாமான்', 1978-இல் அமெரிக்காவில் 'பேட்டில் ஆஃப் தி பிளானட்ஸ்' என உருமாறியது. ஒன்றோடொன்று தொடர்பற்ற மூன்று தொடர்களைப் பிணைத்து, 1985-இல் 'ரோபோடெக்' எனும் ஒரே தொடராக்கினர். அவ்வாறு கண்டவர், பின்னாளில் உண்மை வடிவைக் காண விழைவது இயல்பே அன்றோ?

மூன்றாவது, தொழில்நுட்பம். பழந்தொடர்களுக்கு ஒளிபுகும் தாள்களில் கையால் வண்ணம் தீட்டி, ஒவ்வொன்றாகப் படச்சுருளில் பிடித்தனர். அச்சுருளில் அடங்கிய நுணுக்கம், அக்காலத் தொலைக்காட்சியில் தெரிந்ததினும் மிகுதி. அதனைத் தூய்மை செய்து புதிய கருவியால் பதிவு செய்தால், அன்று கண்டவரும் காணாத தூரிகைத் தடம் இன்று புலனாகும். 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கணிப்பொறிக்கு மாறியபோது, குறைந்த தெளிவிலேயே முடிக்கப்பட்ட தொடர்களுக்கு இவ்வாய்ப்பு இல்லை. பழையது புதியதினும் தெளிவாய் விளங்கும் விந்தை இது!

இம்மூன்றும் ஒருங்கே அமைந்த சான்று ஒன்று உண்டு. யூகோ சாகோ, கோயிச்சி சசாகி, ராம் மோகன் ஆகியோர் இயக்கிய இராமாயணச் சித்திரப் படமே அது. இந்தியரும் ஜப்பானியரும் கூடி உருவாக்கிய அப்படம், 1993-இல் நம் நாட்டுப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. ஆனால், அந்நாளில் திரையரங்குகளில் பரவலாக ஓடவில்லை. 2025 ஜனவரி 24 அன்று, 4கே தெளிவில், இந்தி, தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. திரையரங்கில் அது தமிழ் பேச 32 ஆண்டுகள் ஆயின!

இனி, நம் கடமை யாது? பெங்களூரில் நடைபெறும் காமிக் கான் விழாவுக்கு அனிமே மாந்தரைப்போல் உடுத்திச் செல்லும் மாணவர் பலர். ஆர்வத்திற்குக் குறைவில்லை. ஆயினும், படம் பார்க்கத் திருட்டுப் படியை நாடுவோமானால், சுருளைத் துலக்கவும், இசை உரிமை பெறவும், மொழிபெயர்க்கவும், குரல் கொடுக்கவும் பொருள் செலவிட எவர் முன்வருவர்? தமிழில் வரும் படத்தைத் தமிழரே புறக்கணித்தால், அடுத்த படம் தமிழில் வருமா?

நண்பர்களே! 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று நமக்குக் கிட்டவில்லை; அதன் படி ஒன்றும் எஞ்சவில்லை. நாம் இழந்த பின் வருந்துகின்றோம். பிறரோ இழக்கும் முன்பே காக்கின்றனர். ஜப்பானியச் சித்திரத்தைச் சுவைக்கும் நாம், அவர்தம் காக்கும் பண்பையும் கற்போமாக!