நின்ற இடத்திலேயே பேட்டரி இறங்குவது ஏன்?

சனிக்கிழமை நன்றாக ஓடிய கார், செவ்வாய்க்கிழமை காலை சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்ற ஓசையோடு அடங்கிவிடுகிறது. உடனே நாம் செய்வது புதிய பேட்டரி வாங்குவது. ஒரு மாதத்தில் அதுவும் இறங்கிவிட்டால் செலவழித்த பணம் வீண். நள்ளிரவில் முதியவர் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தால், அது பணத்தைவிடப் பெரிய சங்கடம்.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். பேட்டரிக்கு வயதாகியிருக்கலாம், ஓடும்போது அது சரியாக நிரம்பாமல் இருக்கலாம், நிற்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

யாங்கூனில் இத்தொல்லை ஏன்?

இங்குள்ள கார்களில் மிகப் பல, ஜப்பானில் ஓடியபின் இறக்குமதியானவை. 2011ல் விதிகள் தளர்ந்த பிறகு அவை பெருமளவில் வந்தன. ஜப்பானிய ரேடியோவின் எஃப்.எம். வரிசை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. உள்ளூர் நிலையங்கள் பல அதில் எட்டுவதில்லை. ஆகவே பலர் வேறு செட் மாட்டினார்கள். பிறகு கேமரா, திருட்டு மணி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சாவியோடு அணைய வேண்டிய கருவியை எப்போதும் மின்சாரம் உள்ள வயரில் இணைத்துவிட்டால், அது இரவு பகலாக உறிஞ்சும்.

வெயிலும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். மின்வெட்டின்போது கார் பேட்டரியில் வீட்டு விளக்கும் விசிறியும் ஓட்டுவதும் அப்படியே. இஞ்சினைக் கிளப்பும் பேட்டரி, சில விநாடிகள் மிகுந்த மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்டது. அதை அடிவரை இறக்கினால் விரைவில் கெட்டுவிடும்.

முதல் சோதனை: பேட்டரி

காரை இரவு முழுவதும் நிறுத்திவிட்டுக் காலையில் பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 இருந்தால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. வெளியே முழுவதும் சார்ஜ் செய்து, வயர் இணைக்காமல் இரண்டு நாள் வைத்தும் இறங்கினால், குற்றம் பேட்டரியுடையதே. இறங்காவிட்டால் அடுத்த சோதனைக்குப் போகலாம்.

இரண்டாம் சோதனை: சார்ஜ்

இஞ்சின் ஓடும்போது சாதாரணமாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். குறைந்தால் பெல்ட், ஆல்டர்னேட்டர், முனைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முனையில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைக்கலாம்.

மூன்றாம் சோதனை: கசிவு

எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, அந்த வயருக்கும் நெகட்டிவ் முனைக்கும் இடையில் இணைக்க வேண்டும். இந்நிலையில் சாவியைத் திருப்பக் கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். காரின் கணினிகள் உறங்க, காரைப் பொறுத்து, அரை மணி நேரமோ அதற்கு மேலோகூட ஆகலாம். ஸ்மார்ட் சாவியை வீட்டுக்குள் தூரமாக வைக்கவும்; அருகில் இருந்தால் கார் விழித்துக்கொள்ளும்.

0.05 ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாகக் குறையில்லை. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் அந்த அளவு கசிவு 24 ஆம்பியர்-மணியை, அதாவது பாதிக்குமேல், எடுக்க 20 நாள் ஆகும். கசிவு 0.5 ஆம்பியரானால் அதே அளவு இரண்டே நாளில் போய்விடும். டிக்கியில் அணையாமல் எரியும் சிறு விளக்கு ஒன்றே ஏறக்குறைய இவ்வளவு எடுக்கும்.

அளவு மிகுந்திருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, மீட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பொருத்த வேண்டும். எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ, அந்த வழியில்தான் கசிவு. கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தால் கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்த்துப் பார்க்கலாம். எந்த ஃபியூஸை எடுத்தும் விழவில்லையென்றால், பிறகு மாட்டிய கருவிகளின் தனி வயர்களையும் ஆல்டர்னேட்டரையும் மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்ல வேண்டும். ஆல்டர்னேட்டரின் டையோடு கெட்டால் நிற்கும்போதும் மின்சாரம் திரும்பிப் பாயும்.

கசியும் இடம் தெரிந்தபின் வேலை எளிது. விளக்கின் சுவிட்சை மாற்றலாம். செட்டின் வயரைச் சாவியோடு அணையும் வயருக்கு மாற்றலாம்.

கவனிக்க வேண்டியவை

கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரலாம். அருகில் புகைக்கவோ தீக்குச்சி கிழிக்கவோ கூடாது. ஹைப்ரிட் கார்களில் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவே கூடாது. அவற்றில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் உண்டு. அக்கார்களிலும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. மேலே சொன்ன முதற்சோதனை அதற்கும் பொருந்தும். மற்றவற்றை அவ்வகைக் கார் அறிந்த மெக்கானிக்கிடம் விடுவது நலம்.

காரை நாள்தோறும் எடுக்காதவர்கள் வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுவது நல்லது. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டால் பேட்டரி நிரம்பாது. ஒரு மாதம் ஊருக்குப் போகும் குடும்பத்தார் பேட்டரியை நிறையச் சார்ஜ் செய்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். கடிகாரம் போன்றவற்றைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.