நாலு பாஸ்புக், ஒரே தாள்

"உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்குகூட மிஞ்சாது" என்று சொல்லியே நம்மில் பலர் கணக்கு நோட்டைத் தொடுவதில்லை. முப்பது வருஷம் வங்கியில் அடுத்தவர் கணக்கைப் பார்த்த நானும், தோட்டத்துக்கு வந்தபின் அப்படித்தான் இருந்தேன். மூன்றாம் வருஷம் அதற்கு 6,000 ரூபாய் தண்டம் கட்டினேன்.

ஐந்து ஏக்கர் நெல்லுக்கு கிசான் கிரெடிட் கார்டில் 2 லட்சம் வாங்கியிருந்தேன். 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். தவணைக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை. ஆக 4 சதவீதம்தான். தவணைத் தேதி 16. நான் 26 என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! பணம் இல்லாமல் இல்லை. பென்ஷன் கணக்கில் கொஞ்சம், வீட்டம்மா கணக்கில் அரிசி விற்றது, சங்கத்தில் சேமிப்பு என்று நாலு இடத்தில் கிடந்தது. கூட்டிப் பார்க்க ஆளில்லை. 8,000 ரூபாய் வட்டி கட்ட வேண்டிய இடத்தில் 14,000 கட்டினேன். ஒரு சிறு விவசாயிக்கு பி.எம். கிசானில் வருஷம் முழுக்க வரும் பணம் எவ்வளவோ, அவ்வளவு போச்சு.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தக் கணக்கு. செலவு ஒன்றும் கிடையாது. செல்போனில் கூகுள் ஷீட் போதும். அந்தத் தாளை ஆஃப்லைனில் வைக்கும்படி குறித்துவிட்டால், சிக்னல் இல்லாத வயலிலும் எழுதலாம். தட்டச்சு வராதவர்கள் மைக்கைத் தொட்டுத் தமிழில் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும்.

மூன்று பக்கம் போடுங்கள்

முதல் பக்கம் இருப்பு. ஒவ்வொரு வங்கி, சங்கம், அஞ்சலகக் கணக்குக்கும் ஒரு வரி. பக்கத்தில் இன்றைய இருப்பு, வாரிசுதாரர் பெயர் பதிந்தாச்சா என்ற விவரம். காப்பீடும் இங்கேயே வரட்டும். 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் வருஷா வருஷம் மே கடைசியில் கணக்கிலிருந்து பிடிப்பார்கள். அன்று இருப்பு இல்லையென்றால் தலா 2 லட்சம் பாதுகாப்பு விட்டுப்போகும்.

இரண்டாம் பக்கம் கடன். பயிர்க்கடன், நகைக்கடன், கைமாத்து எல்லாம். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, தவணைத் தேதி என்ன? தேதியைப் போன் காலண்டரிலும் போட்டு, 15 நாள் முன்னால் மணி அடிக்க வையுங்கள். தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. அந்தத் தேதியைத் தவறவிடலாமா? நமக்கு வர வேண்டியதையும் கீழே எழுதுங்கள். அரிசி வாங்கியவர்கள் தர வேண்டியது 7,350 ரூபாய் என்று எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

மூன்றாம் பக்கம் வரவு செலவு. தேதி, விவரம், தொகை, எந்தக் கணக்கு, கடைசியாக 'எதற்கு'. இந்தக் கடைசிக் கட்டம்தான் உயிர். அதில் வீடு, மாடு, கிச்சிலிச் சம்பா, உளுந்து என்று ஏதாவது ஒன்று இருந்தே ஆகணும். அறுவடைக்குப் பின் ஃபில்டரில் 'கிச்சிலிச் சம்பா' என்று பிரித்தால் அந்தப் பயிரின் கதை வெளியே வரும்.

எனக்கு வந்த கதை இது. உரக்கடைக்குப் போவதில்லை, அதனால் செலவே இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஏக்கருக்கு இரண்டு களையெடுப்புக்கு மட்டும் 8,400 ரூபாய் கூலி போயிருந்தது. அடுத்த பட்டத்தில் வரிசை நடவு போட்டு, கோனோவீடர் ஓட்டினேன். கூலி பாதிக்கு மேல் குறைந்தது. கணக்கு எழுதாமல் இருந்தால் இன்னும் அதே பெருமைதான் பேசிக்கொண்டிருப்பேன்.

தானாகச் சேர்க்கும் வழி

வங்கிக் கணக்குகளைத் தானே ஒரே இடத்தில் காட்டும் வசதியும் இருக்கிறது. பெயர் அக்கவுண்ட் அக்ரிகேட்டர். ரிசர்வ் வங்கி 2016-இல் விதி வகுத்து, உரிமம் தருகிறது. 2021 செப்டம்பரில் பெரிய வங்கிகளோடு நடைமுறைக்கு வந்தது. நாம் சம்மதம் கொடுத்த கணக்கின் விவரம் மட்டும், சொன்ன காலத்துக்கு மட்டும் போகும். சம்மதத்தைத் திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம். இதன் வழியாகப் பணத்தை எடுக்க முடியாது. உரிமம் உள்ளதா என்று ரிசர்வ் வங்கியின் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். ஆனால் கைமாத்தும் களைக்கூலியும் அதில் வராது. நாம்தான் எழுதணும்.

ஒரு எச்சரிக்கை. தாளில் பின் நம்பர், கடவுச்சொல், முழுக் கணக்கு எண் எழுதவே கூடாது. கடைசி நாலு இலக்கம் போதும். ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்கள்.

தாளை வீட்டம்மாவோடும் பிள்ளைகளோடும் பகிர்ந்து வையுங்கள். நாளைக்கே நமக்கு ஒன்று ஆனால், எங்கே என்ன இருக்கிறது என்று அவர்கள் பீரோவைக் குடையக் கூடாது.

அமாவாசை அன்று நாம் ஏர் பூட்டுவதில்லை. அன்று அரைமணி நேரம் குடும்பத்தோடு உட்கார்ந்து மூன்று பக்கத்தையும் பாருங்கள். வருகிற அமாவாசைக்கு முதல் பக்கத்தை மட்டும் எழுதி முடியுங்கள். கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.