இரண்டாவது தோட்டா

1902-இல் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு அடியில் பதுங்கிய புலியைச் சுட்டவர் ஒரு தலைமையாசிரியர். கையிலிருந்தது, ராணுவத்துக்காக ஆலையில் மொத்தமாகச் செய்யப்பட்ட லீ-என்ஃபீல்ட். அதுவே புலியைக் கொல்லுமென்றால், அன்றைய வேட்டைக்காரர்கள் ஏன் பெரும் பணம் கொடுத்துக் கைவேலைத் துப்பாக்கி வாங்கினார்கள்?

குறி துல்லியமாக இருக்கும் என்பதற்காக என்று நினைக்கலாம். ஆனால் முப்பது மீட்டரில் நிற்கும் புலிக்கு ஆலைத் துப்பாக்கியின் துல்லியமே தாராளம். சிக்கல் இரண்டாவது தோட்டாவில்தான். போல்ட்டை இழுத்துத் தள்ளி அதை ஏற்றுவதற்குள் காயம்பட்ட புலி பாய்ந்துவிடும். இரட்டைக்குழல் ரைஃபிளில் அடுத்த விசையை அழுத்தினால் போதும்.

ஆனால் இரு குழல்களை நேர் இணையாக ஒட்டினால் குண்டுகள் ஒரே இடத்தில் படா. வலக்குழல் வெடிக்கும்போது துப்பாக்கி வலப்புறம் திரும்பும். இடக்குழல் வெடித்தால் இடப்புறம். எனவே முனைகளைச் சற்றே உள்நோக்கிச் சாய்ப்பார்கள். எவ்வளவு? சுட்டுப் பார்த்து, ஈயப்பற்றை இளக்கி, முனைகளுக்கு நடுவிலுள்ள ஆப்பை நகர்த்தி, மறுபடி சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை! இவ்வளவு பாடுபட்டும், தோட்டாவின் மருந்து அளவு மாறினால் கணக்கு கெட்டுவிடும்.

ஜிம் கார்பெட்டிடம் ஜெஃப்ரி நிறுவனத்தின் இரட்டைக்குழல் இருந்தது. தென்னிந்தியக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சனோ, நெம்புகோலைக் கீழிழுத்துத் தோட்டா ஏற்றும் .405 வின்செஸ்டரையே நம்பினார். அது ஆலைத் தயாரிப்பு. எனக்கென்னவோ ஆண்டர்சன் பக்கமே நியாயம் தெரிகிறது. இரட்டைக்குழலில் இரண்டோடு சரி. வின்செஸ்டரில் மூன்றாவதும் இருந்தது.