நிறுக்காமல் வாங்கிய வெள்ளிக் காசு

வியாபாரத்தில் முப்பது வருடங்களைக் கடந்தவன் நான். கடை கொட்டாஞ்சேனையில், வீடு வெள்ளவத்தையில். ஹாட்வெயார் வியாபாரம் என்பதால் ஆணி, செப்புக் கம்பி, பித்தளை எதுவானாலும் தராசில் போடாமல் வாங்கிய பழக்கமில்லை. அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு தடவை நிறுக்காமல் ஒரு பொருளை வாங்கினேன். அது ஒரு வெள்ளிக் காசு. கொடுத்த விலை 45,000 ரூபா.

சொல்வதற்கு வெட்கமான கதைதான். ஆனாலும் பழைய காசு சேர்ப்பவர்களுக்கு மட்டுமல்ல, கொடுக்கல் வாங்கல் செய்யும் எல்லோருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

வாப்பா விட்டுச்சென்ற கொக்கிக் காசு

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் வாப்பா விட்டுச்சென்ற இரண்டு லாறின் காசுகள். காசு என்றால் வட்டமாக இருக்கும் என்று நினைப்போம். லாறின் வட்டமல்ல, வெள்ளிக் கம்பி. பாரசீகத்தின் லார் என்ற ஊரின் பெயரால் வந்த இந்தக் காசு 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் வளைகுடாவிலும், இந்தியாவின் மேற்குக் கரையிலும், மாலைதீவிலும், நமது நாட்டிலும் புழங்கியது. இங்கே அதைத் தூண்டில் முள் மாதிரி வளைத்தார்கள். சிங்களத்தில் ‘கொக்கு ரிதி’, அதாவது கொக்கி வெள்ளி என்று பெயர்.

1660இல் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடங்கள் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தனது நூலில் இந்தக் காசைப் பற்றி எழுதியிருக்கிறார். அரசன் அனுமதித்ததால் யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாமாம். அப்படியென்றால் போலி வராதா? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். சந்தேகம் வந்தால் காசை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். தூய வெள்ளையாக வந்தால் செல்லும், வராவிட்டால் செல்லாது.

கவனியுங்கள். காசு யார் கையால் வருகிறது என்று அவர்கள் பார்க்கவில்லை. காசைத்தான் பார்த்தார்கள். வாப்பாவின் காசைக் கையில் வைத்திருந்த எனக்கு இந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும்.

மாந்தையில் கிடைத்த அலெக்சாந்தர்

2012ஆம் ஆண்டு, எனக்குப் பழக்கமான ஒரு தரகர் கடைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே மகா அலெக்சாந்தரின் நான்கு திரக்மா வெள்ளிக் காசு. ஒரு பக்கம் சிங்கத்தோல் போர்த்த ஹெராக்கிளீஸ் என்ற வீரனின் தலை. மறுபக்கம் ஆசனத்தில் இருக்கும் கிரேக்கக் கடவுள், கையில் கழுகு. நாம் இன்றும் சொல்லும் ‘திர்ஹம்’ என்ற சொல் அந்தத் திரக்மாவிலிருந்து பாரசீகம் வழியாக வந்ததுதான். அதைப் படித்திருந்த எனக்கு ஆசை மேலும் கூடிவிட்டது.

அவர் மூன்று விடயங்கள் சொன்னார். மன்னார் மாந்தையில் நிலத்தைத் தோண்டும்போது கிடைத்தது. உலகத்திலேயே பத்துக் காசுகள்தான் இருக்கின்றன. வெளிநாட்டு விலையில் பாதிக்குத் தருகிறேன், இன்றைக்கே முடிக்க வேண்டும்.

மூன்றையும் அன்றைக்கே நான் எடைபோட்டிருக்க வேண்டும். அலெக்சாந்தர் கி.மு. 323இல் இறந்தார். அவர் பெயரில் இந்தக் காசைப் பல நகரங்கள் அடித்தன; அவர் இறந்து இருநூறு வருடங்களுக்குப் பின்னும் சில நகரங்கள் அடித்துக்கொண்டிருந்தன. ஆகவே ‘பத்துத்தான்’ என்பது பொய்.

மாந்தைக் கதை அதைவிட மோசம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருட்கள் தொல்பொருட்கள். மண்ணிலிருந்து கிடைப்பது அரசாங்கத்துக்குச் சொந்தம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. அப்படியானால் கதை உண்மையென்றால் அது அரசாங்கத்தின் சொத்து. பொய்யென்றால் அது போலி. இரண்டில் எதுவானாலும் நான் வாங்கக் கூடாத பொருள். மலிவு விலை என் கண்ணை மறைத்துவிட்டது. பற்றுச்சீட்டுக் கூடக் கேட்கவில்லை.

செட்டியார் தெருவில் தெரிந்த உண்மை

இரண்டு கிழமை கழித்து, செட்டியார் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு பத்தரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. தராசில் வைத்தார். 15.1 கிறாம். இந்த வகைக் காசு 17.2 கிறாம் அளவில் இருக்க வேண்டும். தேய்ந்தால் சற்றுக் குறையும், இரண்டு கிறாம் குறையாது; என் காசிலோ தேய்மானமே இல்லை.

பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தார். 1.75 கிறாம் குறைந்தது. 15.1ஐ 1.75ஆல் பிரித்தால் ஏறத்தாழ 8.6. வெள்ளிக்கு 10.5 வர வேண்டும். “இது ஜெர்மன் சில்வர் மாதிரி இருக்கிறது முதலாளி, மேலே முலாம்” என்றார். செம்பு, நிக்கல், நாகம் மூன்றும் கலந்த உலோகம் அது. பெயரில்தான் சில்வர். உள்ளே ஒரு மஞ்சாடி வெள்ளிகூட இல்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. நிறை: முதலில் தராசு, பிறகுதான் கண். எந்தக் காசு எத்தனை கிறாம் என்பது நூல்களில் இருக்கிறது.

2. தண்ணீர்ச் சோதனை: மேலே சொன்ன கணக்கு. முலாம் பூசிய போலி இதில் அகப்படும். காசுக்குச் சேதம் இல்லை. நொக்ஸ் சொன்ன நெருப்புச் சோதனையைப் பழைய காசில் செய்துவிடாதீர்கள், காசு கெட்டுவிடும்.

3. விளிம்பு: கிரேக்கர் காசை அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். உருக்கி வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு, அல்லது அதை அராவிய அடையாளம் தெரியும். காற்றுக் குமிழின் சிறு குழிகளும் இருக்கும்; எழுத்து மழுங்கியிருக்கும்.

4. இரட்டைப் பிறவி: கையால் அடித்த இரண்டு காசுகள் ஒரே மாதிரி இருக்காது. ஒரே வெடிப்பும் ஒரே கோணலும் இரண்டு காசுகளில் இருந்தால் இரண்டையும் வைத்துவிட்டு வாருங்கள்.

5. வந்த வழி: முன்பு யாரிடம் இருந்தது, எப்போது வாங்கியது, எழுத்தில் என்ன இருக்கிறது? போலியென்றால் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று விற்பவர் எழுதித் தருவாரா?

இவ்வளவும் பார்த்தாலும் முழு உத்தரவாதம் இல்லை. உண்மையான வெள்ளியிலேயே போலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் 1830இல் இறந்த பெக்கர் என்பவர் கையால் அச்சு வெட்டிக் கிரேக்க, ரோமக் காசுகளை அடித்தார். அவற்றை இரும்புத் தூளோடு பெட்டியில் போட்டு, குதிரை வண்டியில் கட்டி ஓட்டிப் பழையதாக்கினாராம். 1988இல் கருங்கடல் பக்கம் கிடைத்த புதையல் என்று சந்தைக்கு வந்த சிறு வெள்ளிக் காசுகள் விடயத்தில் நிபுணர்களே இரண்டாகப் பிரிந்து வாதாடினார்கள். பிறகுதான் அவை நவீன போலிகள் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆகவே தெரியாத காசை வாங்க அவசரப்படாதீர்கள். 1877இல் திறந்த, நமது வாப்பிச்சி மரிக்கார் கட்டிக்கொடுத்த கொழும்பு நூதனசாலையிலும், கோட்டை சதாம் வீதியில் உள்ள மத்திய வங்கியின் நூதனசாலையிலும் அசல் பழங்காசுகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். செலவு குறைவு.

விற்பதா, வெட்டுவதா?

காசு போனது பெரிதல்ல. சோதனை பிறகுதான் வந்தது. கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த நம்மூர்த் தம்பி ஒருவர் என் லாச்சியில் கிடந்த அந்தக் காசைக் கண்டார். 60,000 தருகிறேன் என்றார். கொஞ்சம் பொறு தம்பி, இதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று நான் தொடங்குமுன் அவரே சொன்னார்: “சோதிக்கத் தேவையில்லை நானா. உங்களிடம் இருந்தால் அது அசல்தான்.”

அந்தக் கிழமை ஒரு காசோலை வங்கிக்கு வர இருந்தது. கணக்கில் பணம் போதாது. உண்மையைச் சொல்கிறேன், சில விநாடிகள் என் வாய் திறக்கவில்லை. நான் ஏமாந்தேன், நானும் கொடுத்துவிட்டால் என்ன என்று மனம் சொன்னது.

அப்போது எனக்கு நினைவு வந்தது ஏதென்ஸ் நகரத்துச் சட்டம். கி.மு. 375ஆம் ஆண்டளவில் அந்த ஊர்ச் சந்தையில் வெள்ளிக் காசைப் பரிசோதிக்க ஓர் ஆளை உட்காரவைத்தார்கள். நல்ல காசைக் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுப்பார். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அந்த இடத்திலேயே வெட்டிவிடுவார். கொண்டுவந்தவர் பாவம் என்று திருப்பிக் கொடுப்பதில்லை. ஏனென்றால் திருப்பிக் கொடுத்தால் அது அடுத்த கடைக்குப் போகும்.

போலியைச் செய்தவன் ஒருவன். தெரியாமல் வாங்கியவன் ஏமாந்தவன். தெரிந்த பிறகு விற்பவன் யார்? செய்தவனின் பங்காளி. அந்தத் தம்பி கொடுக்க வந்த 60,000 காசுக்கு அல்ல, என் பெயருக்கு. முப்பது வருடம் சேர்த்த பெயரை 60,000க்கு விற்றால் அதைவிட நட்ட வியாபாரம் உண்டா?

விடயத்தைச் சொன்னேன். தம்பி சிரித்தார். காசோலைக்கு ஒரு நண்பரிடம் கைமாற்று வாங்கினேன். மறுநாள் பத்தரிடம் போய்க் காசை இரண்டாக வெட்டிக்கொண்டு வந்தேன். வெட்டிய இடத்தில் மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தது.

வியாபாரச் சகோதரர்களே, பழங்காசு நம்மில் பலருக்குத் தேவைப்படாது. ஆனால் போலி நாணயத்தாளும், முலாம் பூசிய குழாயும், பெயர் மாற்றி ஒட்டிய சுவிச்சும் நம் எல்லோர் கடைக்கும் வருகின்றன. வாங்கும்போது கதையை விட்டுப் பொருளை நிறுத்துப் பாருங்கள். தவறி வாங்கிவிட்டால் நட்டத்தை உங்கள் கணக்கிலேயே எழுதுங்கள், அடுத்தவர் கணக்குக்கு மாற்றாதீர்கள்.

அந்த இரண்டு துண்டுகளும் இன்றும் என் லாச்சியில், வாப்பாவின் கொக்கிக் காசுகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. கடைக்கு வரும் இளம் வியாபாரிகளுக்கு நான் முதலில் காட்டுவது அந்தத் துண்டுகளைத்தான்.