தட்டணுக்கள் ஏறாவிட்டால்…

கேள்வி: ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்து இரண்டு மாதமாகியும் அண்ணனுக்கு பிளேட்லெட் ஏறவில்லை. மருந்து உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் காரணத்தைத் தேட வேண்டும்.

மாற்று சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலும் வெள்ளணுக்களே முதலில் மீளும்; தட்டணுக்கள் (பிளேட்லெட்) பின்தங்கும். சைட்டோமெகலோ வைரஸ் தொற்று, அதற்குத் தரும் கேன்சிக்ளோவிர், கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடலைத் தாக்குவது ஆகியவை தாமதத்தை நீட்டிக்கலாம்.

தட்டணு உற்பத்தியைத் தூண்டும் த்ராம்போபொயட்டின் ஹார்மோன் 1994-இல் இனங்காணப்பட்டது. எலும்பு மஜ்ஜையில் அந்த ஹார்மோன் செயல்படும் ஏற்பியைத் தூண்டுபவை எல்ட்ராம்போபாக் மாத்திரையும் வாரந்தோறும் போடும் ரோமிப்ளோஸ்டிம் ஊசியும். இரண்டும் 2008-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஆனால் வேறொரு தட்டணுக் குறைபாட்டு நோய்க்காக. மாற்று சிகிச்சை பெற்றோரிலும் பலருக்கு இவற்றால் எண்ணிக்கை உயர்ந்திருக்கிறது, எல்லோருக்கும் அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை, எண்ணிக்கை 10,000-க்குக் கீழே போனால் பொதுவாகத் தட்டணு ஏற்றுவார்கள்.

எல்ட்ராம்போபாக் சாப்பிடுவதற்கு முந்தைய 4 மணி நேரமும் பிந்தைய 2 மணி நேரமும் பால், தயிர், கால்சியம் மாத்திரை கூடாது. சேர்த்துக்கொண்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது. கல்லீரல் பரிசோதனையும் அவசியம்.

அண்ணனின் மருந்துப் பட்டியலோடு மாற்று சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்றவற்றை அவரைக் கேட்காமல் தராதீர்கள்.