நுண்ணலைச் சில்லும் தென்சென்னையும்

கேள்வி: நுண்ணலை ஒருங்கிணைந்த சுற்றுகள் பொதுஜன உபயோகத்துக்கு வந்தது எவ்வாறு? நம் பக்கத்துக்கு அதில் பங்குண்டா?
(வாசகர், கிழக்குத் தாம்பரம்)

பதில்: சிலிக்கானைவிட வேகமாக எலெக்ட்ரான்கள் சஞ்சரிக்கும் காலியம் ஆர்சனைடு படிகத்தின்மீதே டிரான்சிஸ்டர், மின்தேக்கி, கம்பிச்சுருள் யாவற்றையும் ஒருசேரப் பதித்து, 1976-ல் இங்கிலாந்தின் பிளெஸ்ஸி நிறுவனத்தில் பெங்கெல்லியும் டர்னரும் ஒரு பெருக்கியை நிர்மாணித்துக் காட்டினார்கள். பிற்பாடு ராடார் முதலியவற்றுக்காக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை செலவிட்ட பெருந்திரவியத்தால் உற்பத்தி முறை செம்மையுற்று, விலையும் சரிந்த பின்னரே அவ்வித்தை செல்பேசிக்குள் தாராளமாகப் பிரவேசித்தது. இன்றும் செல்பேசியின் அலைபரப்புப் பெருக்கியில் காலியம் ஆர்சனைடுக்கே மதிப்பு அதிகம்; மற்ற பாகங்களைப் பெரும்பாலும் சிலிக்கான் கைப்பற்றிவிட்டது.

தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் நுண்ணலைத் துறையில் பணியாற்றுகிறது. ஆயினும் என் மனத்தில் உயர்ந்து நிற்பது, கம்பியில்லாத் தொலைபேசி முறையான கார்டெக்ட்தான். சாமானியனுக்குத் தொலைபேசி எட்டாதிருந்ததற்கு இணைப்பின் செலவே காரணம் என்று கண்ட பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் சென்னை ஐ.ஐ.டி. குழுவும், அதனோடு இணைந்த மைடாஸ் நிறுவனமும், அமெரிக்க அனலாக் டிவைசஸ் கம்பெனியின் சகாயத்தோடு 1990-களில் அதை உருவாக்கி, 1880 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளில், தாமிரக் கம்பியின்றியே சுமார் 10 கிலோமீட்டர் தூரம் பேச்சையும் இணையத்தையும் கிராமங்களுக்குக் கொண்டுசென்றார்கள்.